படித்ததன் பயன் யாது?

சென்ற ஆண்டு மே முதல் நாளன்று, நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஏரிப் பாசனச் சிற்றூர் ஒன்றில் கூடிய கிராம சபைக்குச் சென்றிருந்தோம். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை ஆகியவை பற்றிய பேச்செல்லாம் முடிந்து, தீர்மானங்கள் பதிவேட்டில் ஏறிய பின்னர், அரச மரத்தடியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். இரண்டு ஏக்கர் நிலமும் மூன்று கறவை மாடுகளும் உடையவர். அவர் எழுப்பிய வினா எந்தத் தீர்மானத்திலும் அடங்காத ஒன்று.

"ஐயா, மூத்த மகளை பி.ஏ. வரை படிக்க வைத்தேன். அதற்காக ஓர் ஏக்கரை ஒத்திக்கு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, வேலை கிடைக்கவில்லை. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். பள்ளிக்கூடமே போகாத பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதைத்தான் செய்கிறாள். அப்படியானால் படித்ததற்கு என்ன பயன்? இளையவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். அத்துடன் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

கூட்டம் முழுவதும் நம்மை நோக்கிற்று. மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வாசகங்கள் சில நம் நினைவிற்கு வந்தன. ஆயினும், நிலத்தை ஒத்தி வைத்த ஒருவர் முன்னிலையில் அவற்றைக் கூற நமக்கு மனம் துணியவில்லை. "யோசித்துச் சொல்கிறோம், பெரியவரே" என்று மட்டும் கூறிவிட்டுத் திரும்பினோம். அன்று கூற இயலாத விடையை எழுதிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

வினாவின் நியாயம்

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பெரியவரின் வினா நியாயமானது. நாமும் கிராமத்துப் பள்ளியில் பயின்று, பட்டம் பெற்று, தேர்வெழுதி இப்பதவிக்கு வந்தோம். நம் குடும்பத்தில் இருந்த கடன் தீர்ந்ததும், தங்கையின் திருமணம் நடந்ததும் இந்த உத்தியோகத்தால்தான். மாதந்தோறும் ஊதியம் பெறும் ஒருவர், ஊதியம் இல்லாதவரை நோக்கி, "கல்வியைச் சம்பாத்தியத்திற்காகத் தேடாதீர்" என்று உபதேசிப்பது எளிது, அது நேர்மையாகாது. ஏழை வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளை வேலைக்குச் செல்ல வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பதில் பிழை ஏதும் இல்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. வேலை கிடைத்தால் கல்வி பயனுடையது, கிடைக்காவிடில் பயனற்றது என்று ஒரே அளவுகோலால் அளக்கத் தொடங்கினோமே, அங்குதான் இருக்கிறது. இந்த அளவுகோல் நம் நாட்டில் என்றும் இருந்ததன்று. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தும் எண்சுவடியும் நீதி நூல்களும் கற்ற பிள்ளைகள் பெரும்பாலும் தத்தம் ஊரிலேயே வாழ்ந்தார்கள். நிலத்தை அளக்கவும், வட்டியைக் கணக்கிடவும், ஓலையைப் படிக்கவும் அக்கல்வி உதவிற்று. எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் அக்கதவு திறந்திருக்கவில்லை என்பது அம்முறையின் பெருங்குறை. அதனை மறந்து பழமையைப் புகழ்தல் கூடாது. ஆயினும், படிப்பு என்றால் ஊரை விட்டுச் சென்று உத்தியோகம் பார்த்தல் என்னும் பொருள் அன்று இல்லை.

அப்பொருள் வந்ததற்கு ஓர் ஆண்டும் உண்டு. 1844-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அப்பொழுது கவர்னர் ஜெனரலாக இருந்த ஹார்டிஞ்சு பிரபு ஓர் ஆணை பிறப்பித்தார். சர்க்கார் வேலைகளுக்கு ஆள் எடுக்கும்பொழுது ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கே முன்னுரிமை அளிக்கப்படும் என்பது அதன் சாரம். 1857-இல் சென்னையில் பல்கலைக்கழகம் தோன்றியது. பள்ளி, தேர்வு, சான்றிதழ், உத்தியோகம் என்னும் நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. அச்சங்கிலி இன்றும் அறுபடவில்லை. வேலைகள் சிலவாகவும் பட்டம் பெற்றோர் பலராகவும் ஆகிவிட்ட இக்காலத்தில், கடைசிக் கண்ணி கிட்டாத பொழுது, முதற் கண்ணியே வீண் என்று பெற்றோருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

அதே ஆண்டில் தோன்றிய வேறொரு பள்ளி

ஹார்டிஞ்சு பிரபுவின் ஆணை வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 1844-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், ஐரோப்பாவின் வட பகுதியில் டேனிஷ் மொழி பேசும் மக்கள் வாழ்ந்த ரோடிங் என்னும் சிற்றூரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அது உழவர் வீட்டு இளைஞர்களுக்கான பள்ளி. அங்குத் தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, படித்து முடித்தால் இன்ன வேலை என்னும் வாக்குறுதியும் இல்லை. வேலை தேடிப் படிப்போர் எவரும் நாடமாட்டாத பள்ளி. ஆயினும் அதன் வழியைப் பின்பற்றி டென்மார்க்கு நாடெங்கும் பள்ளிகள் பல எழுந்தன. 'மக்கள் உயர்பள்ளி' என்று அவற்றைத் தமிழில் கூறலாம். நம் பெரியவரின் வினாவிற்கு உலகில் எங்கேனும் நடைமுறையில் விடை கண்டவர்கள் உண்டா என்று தேடினால், அப்பள்ளிகளிடம் வந்து சேர்கிறோம்.

டென்மார்க்கு சிறிய நாடு. அதன் உழவர்களின் பழைய நிலை நம் பண்ணையாட்களின் பழைய நிலைக்கு அதிகம் வேறுபட்டதன்று. 1788-ஆம் ஆண்டு வரையில், உழவர் குடியிற் பிறந்த ஆண்மகன் தான் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தத் தளை நீங்கியது. 1814-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏழாண்டுக் கல்வி கட்டாயமாயிற்று. 1830-களில் மன்னர் ஆலோசனைச் சபைகளை அமைத்தபொழுது, நிலமுடைய உழவர்களும் அவற்றில் அமரும் உரிமை பெற்றார்கள். 1849-இல் அரசியல் சட்டம் இயற்றப்பட்டு, மன்னரின் தனியாட்சி முடிவுற்றது.

இம்மாறுதல்களைக் கண்ட குருண்ட்விக் என்னும் பாதிரியாருக்கு ஒரு கவலை உண்டாயிற்று. 1783 முதல் 1872 வரை வாழ்ந்த அவர், கவிஞர், வரலாற்றறிஞர் என்னும் சிறப்புகளும் உடையவர். தலைமுறை தலைமுறையாக ஆணைக்குப் பணிந்தே பழகிய மக்கள் திடீரென்று சபையில் அமர்ந்தால் என்ன செய்வார்கள்? படித்த சிலர் பேசுவார்கள், ஏனையோர் கைதூக்குவார்கள். உரிமை ஏட்டில் இருக்கும். அதிகாரம் பழைய இடத்திலேயே இருக்கும். இதனைத் தவிர்க்க வேண்டுமாயின், உழவர் மகன் தன் மொழியிலே சிந்திக்கவும், தன் நாட்டின் கதையை அறியவும், அஞ்சாது பேசவும் கற்க வேண்டும் என்று அவர் கருதினார். இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்த அக்காலப் பள்ளிகளை அவர் கடுமையாக வெறுத்தார். தாம் விரும்பிய பள்ளிக்கு 'வாழ்க்கைக்கான பள்ளி' என்று பெயரிட்டார்.

சான்றிதழ் இல்லாப் பள்ளி

குருண்ட்விக்கின் எண்ணத்தை உழவர் குடிசை வரை கொண்டு சென்றவர் கிறிஸ்டன் கோல்டு என்னும் ஆசிரியர். அவர் செருப்புத் தைப்பவரின் மகன். 1851-இல் ரிஸ்லிங்கே என்னும் ஊரில் தம் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார். அவர்கள் உண்டதையே உண்டார். அவர்கள் உறங்கிய பரணிலேயே உறங்கினார்.

இப்பள்ளிகளின் ஒழுங்கு உழவுத் தொழிலை ஒட்டி அமைந்தது. பனிக்காலத்தில் வயலில் வேலை இராது. அந்த ஐந்து மாதங்களில் பதினெட்டு வயது கடந்த இளைஞர்கள் வந்து தங்கிப் படித்தார்கள். பின்னர்க் கோடையில் மூன்று மாதங்கள் இளம்பெண்களுக்கு வகுப்புகள் நடந்தன. தாய்மொழி, வரலாறு, பாட்டு, கணக்கு, உடற்பயிற்சி ஆகியவையே பெரும்பாலும் பாடங்கள். ஆசிரியர் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பதில்லை. நின்று வாயாரப் பேசுவார். கேட்டோர் வினவுவர்; விவாதிப்பர். பருவம் முடிந்ததும் அவரவர் தம் ஊருக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஏரைப் பிடிப்பார்கள்.

கோல்டைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி நம் உழவர்களுக்கு எளிதில் விளங்கும். மாணவன் ஒருவன் அவரிடம் வந்து, தாங்கள் கூறுவன எல்லாம் கேட்க இனிமையாக இருக்கின்றன, ஆயின் பின்னர் ஒன்றும் நினைவில் நிற்பதில்லையே என்று வருந்தினான். வயலில் நீர் வடியக் குழாய் புதைத்தால், புதைத்த இடத்தைப் பின்னர்க் கண்டெடுக்க முளை அடித்து வைக்க வேண்டும். விதை விதைத்தால் முளை அடிக்க வேண்டுவதில்லை, அது தானே மேலே வரும் என்று கோல்டு விடை கூறினார். மகிழ்ந்து கேட்டது எதுவோ அது தேவைப்படும் வேளையில் தானே தலை காட்டும் என்பது அவர் கருத்து. தேர்வுக்காகப் படித்ததையும் வாழ்வுக்காகக் கற்றதையும் வேறுபடுத்திக் காட்ட இதனினும் தெளிவான உவமையை நாம் அறியோம்.

ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு

விதைத்தது தலை காட்டியதா என்பதே அடுத்த வினா.

1864-ஆம் ஆண்டு, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய இரு வல்லரசுகளோடு நடந்த போரில் டென்மார்க்கு தோற்றது. டேனிஷ் மன்னரின் ஆட்சிப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு பறிபோயிற்று. முதற் பள்ளி தோன்றிய ரோடிங் ஊரும் அந்நிய ஆட்சிக்கு உட்பட்டது. சில ஆண்டுகளில் வேறொரு துன்பம் வந்தது. அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவில் வந்து இறங்கிற்று. தானியம் விற்றுப் பிழைத்த டேனிஷ் உழவரின் விளைபொருளுக்கு விலை இல்லாமற் போயிற்று. விளைந்தும் விற்காத துன்பத்தை நம் உழவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

தானியத்தை விட்டுப் பாலுக்கும் வெண்ணெய்க்கும் மாறுவதே வழி என்பது தெளிவாயிற்று. ஆயின் பெரும்பண்ணைகளின் வெண்ணெய்க்கே சந்தையில் நல்ல விலை. இரண்டு மூன்று மாடு வைத்திருந்த சிறு உழவரின் வெண்ணெய், தரம் சீராக இல்லாமையால், மலிவாகவே போயிற்று. 1878-இல் சுவீடன் நாட்டவரான டி லாவல் பாலினின்று ஏட்டைத் தொடர்ந்து பிரிக்கும் பொறியைக் கண்டுபிடித்தார். அதனைத் தனியொரு சிறு உழவர் வாங்க இயலாது. பலர் கூடினால் இயலும்.

1882-ஆம் ஆண்டு, மேற்கு ஜட்லாந்தில் யெடிங் என்னும் ஊரில், உழவர்கள் கூடி அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பால் பண்ணையை அமைத்தார்கள். அதன் விதிகளை நோக்குவோம். உறுப்பினர் தம் வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய பால் முழுவதையும் பண்ணைக்கே அளிக்க வேண்டும். வாங்கிய கடனுக்கு அனைவரும் கூட்டாகப் பொறுப்பு; ஒருவர் தவறினால் மற்றவர் ஈடு செய்ய வேண்டும். இலாபம் ஊற்றிய பாலின் அளவுக்கு ஏற்பப் பிரிக்கப்படும். ஏடு நீங்கிய பால் உழவருக்கே திரும்ப வரும். அது பன்றிகளுக்குத் தீவனமாகும். இவை யாவற்றிலும் குறிப்பிடத்தக்கது, இப்பண்ணைகளில் வழங்கிய வாக்குரிமை. நூறு மாடு உடையவருக்கும் ஒரு வாக்கு. ஒரு மாடு உடையவருக்கும் ஒரு வாக்கு. சில ஆண்டுகளுக்குள் இத்தகைய பண்ணைகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின. டேனிஷ் வெண்ணெய் இங்கிலாந்துச் சந்தையில் நிலைபெற்றது.

இங்கு ஒரு நுட்பத்தை மறவாது காண வேண்டும். மக்கள் உயர்பள்ளிகள் வெண்ணெய் எடுக்கக் கற்பிக்கவில்லை. பொறியின் இயக்கத்தையும் கற்பிக்கவில்லை. வரலாற்றையும் பாட்டையும் கற்பித்தன. ஆயின் பக்கத்து வீட்டாரின் கடனுக்குத் தானும் கையெழுத்திட ஒருவர் முன்வர வேண்டுமாயின், அவருக்குப் பக்கத்து வீட்டாரிடம் நம்பிக்கை வேண்டும். விதிகளைப் படித்து, விவாதித்து, பெரும்பான்மை முடிவுக்கு உடன்பட்டு நடக்கும் பழக்கம் வேண்டும். பெரிய பண்ணையாரோடு சமமாக அமர்ந்து மறுத்துப் பேசும் துணிவு வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒரு பனிக்காலத்தைக் கழித்த இளைஞர்கள் பலர் அப்பண்புகளோடு ஊர் திரும்பியிருந்தார்கள். வருவாய் பின்னர் வந்தது. ஆயின் வருவாயை நோக்கி நடத்திய பள்ளியினின்று அது வரவில்லை.

இதனை மிகைபடக் கூறுதலும் கூடாது. டேனிஷ் உழவரின் உயர்வுக்குப் பள்ளிகளே முழுக் காரணம் அல்ல. நிலச் சீர்திருத்தம், 1814 முதற்கொண்டு வந்த கட்டாயக் கல்வி, புதிய பொறி, அருகிலிருந்த இங்கிலாந்துச் சந்தை ஆகிய யாவும் சேர்ந்தே காரணங்கள். ஆயினும், இவை அனைத்தும் வாய்த்த போதிலும், கூடி நிற்கக் கற்காத மக்கள் அவற்றைப் பயன்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதே நம் கருத்து.

நம் நாட்டில் விழுந்த விதை

நம் அலுவலகங்களுக்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் நம் நாட்டில் தொடங்கியது. விதை, உரம், கிணறு ஆகியவற்றோடு சமூகக் கல்வியும் அதன் ஓர் அங்கமாக இருந்தது. வட்டாரந்தோறும் சமூகக் கல்வி அமைப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். டேனிஷ் மக்கள் உயர்பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 'ஜனதா கல்லூரிகள்' என்னும் பெயரில் கிராம இளைஞர்களுக்கான பள்ளிகளும் நாட்டின் பல பகுதிகளில் நிறுவப்பட்டன. அவை நெடுங்காலம் வேரூன்றவில்லை. சான்றிதழ் தராத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப, அச்சங்கிலியில் கட்டுண்ட பெற்றோர் தயங்கியதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

ஆயின் நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே விதை வேறு வடிவில் நம் தமிழ்நாட்டிலேயே முளைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி மாலை வேளைகளில் எழுத்தறிவித்தார்கள். கற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; வயல் வேலையிலும் கல்லுடைக்கும் வேலையிலும் பகலைக் கழித்தவர்கள். அவர்களுள் எவருக்கும் அந்த எழுத்தறிவால் உத்தியோகம் கிடைக்கப் போவதில்லை என்பது கற்பித்தவர்க்கும் தெரியும், கற்றவர்க்கும் தெரியும்.

அவ்வியக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. கிராமத்துப் பெண் மிதிவண்டி ஓட்டுதல் அக்காலத்தில் கேலிக்குரியதாக இருந்தது. கேலியைப் பொருட்படுத்தாமல் பெண்கள் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காத பொழுது ஆண்களுக்கான வண்டியிலேயே பழகினார்கள். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தார்கள். பேருந்துக்குக் காத்திராமல், கணவரையோ தமையனையோ எதிர்பாராமல், தானே சென்று தானே திரும்பலாம் என்னும் நிலையை அவர்கள் அடைந்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாக இணைந்து, தாம் கூலிக்கு உழைத்த கல் குவாரிகளையே குத்தகைக்கு எடுத்து நடத்தவும் செய்தார்கள். குத்தகைப் பத்திரத்தைப் படிக்கவும், ஏற்றிச் சென்ற கல்லைக் கணக்கிடவும் தெரிந்தவரை ஏமாற்றுதல் எளிதன்று.

இங்கும் உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. எழுத்தறிவு இயக்கங்கள் நடந்த பல ஊர்களில், தொடர்ந்து படிப்பதற்கு வாய்ப்பு இல்லாமையால், கற்ற எழுத்தை மறந்தோர் பலர். ஆயினும் சபையில் ஒரு முறை வாய் திறந்தவர், அதன் பின் முற்றிலும் ஊமையாகி விடுவதில்லை.

அளவுகோல் எது?

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், கல்வியின் பயனை அளக்க வேறொரு அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. படித்தவர் தம் கைக்கு வரும் தாளைத் தாமே படித்து, அதிலுள்ள எண்ணைத் தாமே சரிபார்க்க வல்லவரா? நான்கு பேர் கூடிய இடத்தில், தமக்குச் சரியென்று பட்டதை, எவரையும் இழிவு செய்யாமல் எடுத்துரைக்க வல்லவரா? தம் கருத்துக்கு மாறான கருத்தைப் பொறுமையாகக் கேட்டு, அது சரியாக இருப்பின் ஏற்க வல்லவரா? தாம் கற்றதைக் கல்லாதவருக்குப் பயன்படச் செய்கிறாரா? இவ்வினாக்களுக்கு 'ஆம்' என்று விடை வருமாயின், அவருக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிடினும், படிப்பு வீணாகவில்லை. 'இல்லை' என்று விடை வருமாயின், உயர்ந்த ஊதியம் பெற்ற போதிலும், அவர் படித்ததில் ஊருக்கு என்ன மிச்சம்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறிவு உடையவர்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினர் ஆக்கியிருக்கிறது. 2022 முதல் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியனவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகங்களின் கோப்புகளைக் கேட்டறியும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியிருக்கிறது. குருண்ட்விக் கவலையுற்ற நிலை இதுவேயன்றோ? உரிமைகள் ஏட்டில் ஏறிவிட்டன. ஆயினும் நாம் செல்லும் சபைகள் பலவற்றில், வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்பொழுது எவரும் வினவுவதில்லை. படித்த இளைஞர்கள் அருகிலுள்ள தேநீர்க் கடையில் நிற்கிறார்கள்; வேலை கிடைக்காத வெட்கத்தால் சபைக்கு வருவதில்லை. வேலையற்ற பட்டதாரி தன்னைப் பயனற்றவன் என்று எண்ணுவதால், ஊர் தன் சொந்தக் கல்விச் செல்வத்தை இழந்து நிற்கிறது. பெரியவர் ஒத்தி வைத்த நிலத்தினும் இது பெரிய இழப்பு.

இதற்குப் புதிய திட்டமும் புதிய ஒதுக்கீடும் வேண்டுவதில்லை. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பூட்டிக் கிடப்பனவற்றைத் திறந்து, வாரம் ஒரு மாலை படித்தவர் படிக்க, மற்றவர் கேட்கச் செய்யலாம். கிராம சபைக்கு முந்திய மாலையில், மறுநாள் வரவிருக்கும் கணக்கை ஊர்ப் பட்டதாரி ஒருவர் எளிய தமிழில் விளக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தாய்மார்கள் கையெழுத்திடும் முன்னர், தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லலாம். இவை சிறு செயல்கள். யெடிங் ஊரின் பால் பண்ணையும் முதலில் ஒரு சிறு செயலாகவே தொடங்கிற்று.

மீண்டும் அவ்வூரில்

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் அவ்வூர் வழியே செல்ல நேர்ந்தது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் அவருடைய மூத்த மகள், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை விரித்து வைத்துப் படித்துக் கொண்டிருந்தார். மறுநாள் சங்கத்தின் பேரவைக் கூட்டமாம். ஒரே அளவு பால் ஊற்றியும் இருவருக்கு இரு வேறு தொகை வருவது ஏன், பால் அட்டையில் கொழுப்புச் சத்துக்கு ஓர் எண்ணும் இதரச் சத்துக்கு ஓர் எண்ணும் எழுதுவது எதற்கு, ஆண்டு இறுதியில் மிச்சத் தொகை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். "இருபது வருசமாகப் பால் ஊற்றுகிறேன். இந்த எண் என்னவென்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது" என்றார் மூதாட்டி ஒருவர். மறுநாள் பேரவைக் கூட்டத்தில் அந்த அம்மையார் எழுந்து, தீவனம் வாங்கிய செலவைப் பற்றி ஒரு வினா எழுப்பியதாகப் பின்னர் அறிந்தோம். செயலாளர் விடை கூறினார், அவ்விடை சரியானதே. அம்மையார் அமர்ந்தார். இது போன்ற வினா அச்சங்கத்தில் ஒரு பெண்ணால் எழுப்பப்பட்டது அதுவே முதன்முறை என்றார்கள்.

அன்று மாலை பெரியவர் நம்மைக் கண்டு எழுந்து வந்தார்.

"மூத்தவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, ஐயா" என்றார்.

"இளையவளை என்ன செய்தீர்கள், பெரியவரே?" என்று வினவினோம்.

"நான் நிறுத்தத்தான் நினைத்தேன். அக்காள் கேட்கவில்லை. தானே கூட்டிக்கொண்டு போய்ப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தாள். அவளுக்காவது வேலை கிடைக்குமா, ஐயா?"

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றே கூறினோம். பெரியவர் தலையசைத்தார். ஒத்தி நிலம் இன்னும் மீளவில்லை. திண்ணையில் அறிக்கையின் அடுத்த பக்கம் படிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. அவரும் சென்று ஓர் ஓரமாக அமர்ந்து கேட்கலானார்.